நாலு தறிக்கு ஒரு ஃப்ளாப்பி

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். கை அப்புறம்தான் வேலை செய்யும்.

தொண்ணூறுகளின் கடைசி. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வயதான நெசவுக்காரர் ஒருவர் ஃப்ளாப்பியோடு வந்தார். அவருடைய சேலை பார்டர் டிசைனை நான்தான் கட்டம் கட்டமாக வரைந்து அதில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்று என்னிடமிருந்த பிரதியை அழித்துவிட்டேன். அவர் வைத்திருந்த கிராஃப் தாள் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. மிச்சம் இந்த ஃப்ளாப்பி ஒன்றுதான்.

"அஞ்சு மணிக்கு வியாபாரி இங்கயே பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாரும்மா. பார்டரைத் தாள்ல அடிச்சுக் காட்டணும். புடிச்சிருந்தா பொங்கல் வரைக்கும் நாலு தறியும் ஓடும். இல்லைன்னா அம்மையார்குப்பத்து நெசவுக்காரங்ககிட்ட போயிடுவாரு."

ஃப்ளாப்பியைச் செருகினேன். கரகரவென்று சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. மறுபடி முயல வேண்டுமானால் ஆர் விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். மறுபடி கரகர. பத்துத் தடவையாவது அழுத்தியிருப்பேன்.

"இன்னா நைனா இது! சட்டைப் பையில போட்டு வேர்வையில ஊற வெச்சிகினு வந்தீங்களா? இதுகூடவா தெரியாது?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "ஆங்... என் தப்புதாம்மா. எப்படியாவது பாரும்மா."

மணி மூன்றரை. சோதித்துப் பார்க்க என்னுடைய நல்ல ஃப்ளாப்பி ஒன்றைச் செருகினேன். அதே கரகர, அதே வரி. வெளியே எடுத்து, தகட்டு மூடியை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே கறுப்பு வட்டில் சுற்றிலும் மெல்லிய கீறல். அப்படியென்றால் கோளாறு ஃப்ளாப்பியில் இல்லை, அதைப் படிக்கிற டிரைவில். நான் அழுத்திய ஒவ்வொரு ஆரும் அவருடைய டிசைனைச் சுரண்டியிருக்கிறது. அடிப்பாவி!

டிரைவைக் கழற்றி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, படிக்கும் முனையைத் துடைத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. குங்குமம். இரண்டு நாள் முன்புதான் ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, ஃப்ளாப்பி செருகும் இடத்திலும் தாராளமாகப் பொட்டு வைத்தவள் நானேதான். ஃப்ளாப்பியோடு அது உள்ளே போயிருக்கிறது.

பஞ்சைச் சட்டென்று உள்ளங்கையில் மூடி, மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். அவர் கவனிக்கவில்லை. பஸ் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவைத் திரும்பப் பொருத்தினேன். குங்குமம் ஒட்டியிருந்த அவருடைய ஃப்ளாப்பியின் உறையைப் பிரித்து, வட்டை மட்டும் எடுத்து, வேறொரு சுத்தமான உறைக்குள் வைத்துச் செருகினேன். முக்கால்வாசி பிரதியானது, நின்றது. ஆர். நின்றது. இன்னொரு தடவை அழுத்தத் தைரியமில்லை. முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். ஓடி முடிந்தது. பிரிண்டரில் பார்டர் வரி வரியாக இறங்கியது, ஒரு கட்டமும் குறையாமல். மணி நாலே முக்கால்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ மட்டும் இல்லைன்னா, நான் பண்ண தப்புக்கு நாலு தறியும் நின்னிருக்கும்மா."

எனக்குக் கூசியது. இழுப்பறையைத் திறந்து, பஞ்சை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன்.

அவர் பஞ்சையே பார்த்தார். "நான் பையில வெக்கவே இல்லம்மா. பஸ்ல ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் கையிலயே புடிச்சிகினு வந்தேன்."

"அப்போ ஏன் உங்க தப்புன்னு ஒத்துக்கினீங்க?"

"நீ கோவிச்சிகினு, முடியாது போன்னு சொல்லிட்டா நான் எங்கம்மா போவேன்?"