எல்லோருக்கும் திறந்து வைத்த கட்டுரை

அந்தத் தாளில் இருபத்தேழாவது வரிக்கு மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தார்கள். அத்தானின் வலது கையைக் கடப்பாரையால் அடித்து முறித்துவிட்டு, அந்தத் தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எடுத்த நர்ஸ் அதை என்னிடம் நீட்டினார். ரத்தம் ஊறி மடிப்புகள் ஒட்டிப்போயிருந்தன. பிரித்துப் பார்த்தேன். நான் தயாரித்த அட்டவணை. அந்த வரியில் அத்தானின் பெயரும் அவருடைய அப்பா பெயரும் கதவு எண்ணும் ஆங்கிலத்தில் இருந்தன.

அத்தான் என் அக்காவின் கணவர். சவுதியில் சில வருடம் லாரி ஓட்டிவிட்டு, நார்த்தாமலைப் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டி நிலக்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கல் குவாரி. மதியம் வெடி வைத்தால் அடுக்களை அலமாரியிலிருந்து தட்டுகள் கீழே விழும். கைக்குழந்தைகள் வீறிட்டு அலறும். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ் ஏறி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எனக்கு அந்த அதிர்வுதான் ஆய்வுத் தலைப்பு. அளக்கும் கருவியை வீட்டில் வைக்க ஊரே பயந்தது. அத்தான்தான் முதலில் சம்மதித்தார். "கொண்டாந்து வையி. எவன் என்ன பண்றான்னு பார்ப்போம்" என்றார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

காசு கட்டினால்தான் திறக்கும் ஆய்விதழ்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர்க்காரர் வீட்டில் அளந்ததை ஊர்க்காரர் படிக்க முடியாதபடி பூட்டி வைப்பது திருட்டு என்று கருத்தரங்குகளில் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். அதனால் யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், பரப்பலாம் என்கிற திறந்த அணுக்க இதழுக்கே, குவாரி வெடி வீடுகளைச் சேதப்படுத்துவதை அளந்து காட்டிய என் கட்டுரையை அனுப்பினேன். அளவுகள் கொண்ட அட்டவணையையும் சேர்த்துப் பொதுவில் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. அதில் பெயர்கள் இருந்த நெடுவரிசையை நான் அழித்திருக்க வேண்டும். அழிக்காமல், திரையில் தெரியாதபடி மறைத்து மட்டும் வைத்து ஏற்றிவிட்டேன். விரித்துப் பார்க்க ஒரு சொடுக்கு போதும். குவாரிக்காரர்களிடம் அந்தச் சொடுக்குத் தெரிந்த ஆள் இருந்தான்.

நடந்ததை டீக்கடைக்காரர் சொன்னார். காலையில் அத்தான் அவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான்கு பேர் வந்திருக்கிறார்கள். தாளை அத்தானின் முகத்துக்கு நேரே பிடித்து, "இது நீதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தானுக்கு ஆங்கிலம் படிக்க வராது. "என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்ட வாய்மேலேயே முதல் குத்து விழுந்திருக்கிறது. கீழே தள்ளி ஒருவன் நெஞ்சில் ஏறி உட்கார, இன்னொருவன் கையை இழுத்துப் பெஞ்சுமேல் வைத்துப் பிடித்திருக்கிறான். மூன்றாவது அடியில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்றார். பிறகு வீட்டுக்குப் போய்க் கருவியையும் உடைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். "ஒம் படிப்புல இடி விழ" என்றாள். அன்றே இதழுக்கு எழுதி அட்டவணையை எடுக்க வைத்தேன். அதற்குள் வேறு தளங்களில் நகல்கள் ஏறிவிட்டன. நகலெடுக்க உரிமை கொடுத்தவளே நான்தான், யாரைத் திட்டுவது?

மூன்றாம் நாள் அத்தான் அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொன்னார். கட்டிலருகே நின்று வரிவரியாகச் சொன்னேன். அவர் வீட்டுத் தெற்குச் சுவர் அதிர்வைத் தாங்காது, எப்போது வேண்டுமானாலும் சாயலாம் என்ற இடத்தில் கையமர்த்தினார்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமாத் தெரியும், அத்தான். அச்சுல வர்றதுக்கு முன்னாடி வெளியில சொல்லக்கூடாதுங்கிறது எங்க வழக்கம்."

"எம் மக பிரசவத்துக்கு வந்து மூணு மாசம் பச்சப்புள்ளையோட அந்தச் சுவத்தோரந்தான் படுத்துக் கெடந்தா. நீயும் வந்து புள்ளையத் தூக்கிக் கொஞ்சுனியே" என்றார்.

குழந்தை மடியில் இருந்தபோது அந்தச் சுவரை நான் நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். கட்டுரை வர வேண்டும் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது எந்த ஊரில் அளந்தாலும் முடிவைத் தமிழில் எழுதி, வீடு வீடாகக் கொடுத்த பிறகுதான் இதழுக்கு அனுப்புகிறேன். அப்படிச் செய்யாதே என்கிற பேராசிரியர்களிடம் சண்டைக்கே போகிறேன். அத்தானின் கை இன்னும் தோளுக்கு மேல் எழுவதில்லை.

அந்த மூன்றாம் நாள் மாலையே வாக்குமூலம் வாங்க ஏட்டையா வந்தார். அத்தான் நான்கு பேரையும் அடையாளம் சொன்னார். "வேற யாரு மேலயாச்சும் புகார் இருக்கா?" என்று ஏட்டையா கேட்டார். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இல்லைங்க" என்றார்.