சத்து மாத்திரைப் போத்தல்

காலை ஆறு நாற்பதுக்கு என் பொய் என் வாசலுக்கே வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரி, முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய, ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"டீச்சர், உங்க மக சாப்பிடுற சத்து மாத்திரையில ஒரு பத்து குடுங்க. எங்க வீட்டுக்காரரு லோரியில ஊரெல்லாம் சுத்துறாரு. கடையில விட்டமினே இல்லலா."

மகள் என்பது என் தங்கை பெற்ற பெண். பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். தங்கை போனபின் இரண்டு வயதிலிருந்து என்னிடம் வளர்கிறாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு இடையே இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் இஞ்சி தட்டுவார்கள். அங்கே மருந்தை எப்படி மறைப்பது? அதை ஒரு விட்டமின் போத்தலில் மாற்றி, எல்லோர் கண்ணிலும் படும்படி சமையலறை ஜன்னலில் வைத்தேன். ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லித் தரும் எனக்கு அந்த யோசனையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உலகமே விட்டமினைத் தேடி அலையும் ஒரு காலம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"தீந்துபோச்சும்மா," என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தாள். "சரி டீச்சர். உங்க பிள்ளைக்கு வேணும்ல," என்று கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

மத்தியானத்துக்குள் லைன் முழுக்க நான் கஞ்சம். தெரிந்தால் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார்கள் என்று நான் பயந்த அதே மனிதர்கள், அந்த மாத்திரை கிடைக்கவில்லையே என்று வருந்தினார்கள். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வாட்சப்பில் மாத்திரையின் பெயரைக் கேட்டார். பதினாலு வீட்டுக்கு வாங்க வேண்டுமாம்.

போத்தலுக்குள் இருந்தது ஆறே மாத்திரை. பக்கத்து லைனில் கொரோனா தொற்று வந்ததால் தோட்டத்து வாசலை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் தானா ராத்தா டவுனுக்குப் போய்வர சாமான் லோரிக்கு மட்டும் அனுமதி, அதுவும் வாரத்துக்கு இரண்டு முறை. அதை ஓட்டுபவர் கிண்ணக்காரியின் கணவர். மகளின் ஆஸ்பத்திரி அட்டையை யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் மருந்து தருவதாக ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொன்னார். ஒருநாளும் மருந்து தவறக்கூடாது.

"சர்க்கரை வியாதின்னு சொல்லிரலாமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"அப்ப நாளைக்கு வந்து இன்சுலின் கேப்பாங்கம்மா. அதுவும் தீந்துபோச்சுன்னு சொல்வீங்களா?"

யோசித்து யோசித்தே முதல் லோரியைத் தவறவிட்டேன். அடுத்த லோரி நாளன்று ஒரு மாத்திரைதான் மீதி. மகள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் அத்தனை வருடம் பயந்த பலகைச் சுவர் வழியாக எனக்கே எல்லாம் கேட்டது.

"அங்கிள், எனக்கு எச்.ஐ.வி. பொறந்ததுலேர்ந்து. மருந்து தீரப்போவுது. இந்தக் கார்டக் காட்டினா ஆஸ்பத்திரியில குடுப்பாங்க."

 அதற்குப் பிறகு கேட்டது லோரி கிளம்பும் சத்தம்தான்.

ஐந்து மணிக்கு லோரி திரும்பியது. யாரும் வரவில்லை. ஆறு ஆனது, ஏழு ஆனது. குழாயடியில் எல்லோரும் எல்லோரிடமிருந்தும் தள்ளித்தான் நின்றார்கள். நோய்க்குப் பயந்து நிற்கிறார்களா, எங்களுக்குப் பயந்தா என்று பிரித்தறிய அந்த வருடம் வழியே இல்லை. இன்றும் காலையில் கதவு தட்டினால் என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகிறது.

மருந்து நேரம் எட்டு; போத்தலில் அந்தக் கடைசி ஒன்றுதான். எட்டுக்குக் கால்மணி இருக்கும்போது கிண்ணக்காரி வந்தாள். கையில் ஒட்டுப் பிரிக்காத பொட்டலம். வாசல் பெஞ்சைக் காட்டி, அங்கே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் அதைக் கவனிக்காமல் உள்ளே வந்து மகளின் கையில் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பத்து மாத்திர கேட்டேனே டீச்சர், குடுத்திருந்தா எங்க வீட்டுக்காரரு கதி என்னாவுறது? நல்லவேள, நீங்க கஞ்சமா இருந்தீங்க."