நர்ஸம்மாவின் இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலீஷ் படித்தவன் நான். ஏழாம் வகுப்பில் அதனால் எனக்கு வந்து சேர்ந்த வேலை, என் சித்தப்பா உயிரோடு இருக்கிறாரா என்று சொல்வது.

சித்தப்பா சரக்குக் கப்பலில் இருந்தார். வயிற்றுவலி என்று ஸ்பெயின் துறைமுகத்தில் இறக்கிவிட்டதாகச் சொன்னதோடு கப்பல்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சித்தி பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். மறுநாள் மத்தியானம் சித்தப்பா நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. போட்டால், யாரோ ஒரு பெண் கடகடவென்று பேசினாள்.

“வெள்ளக்காரி பாஷைதானலே, சொல்லு,” என்றார் அய்யா. வலையைப் போட்டது போட்டபடி கரையிலிருந்து ஓடி வந்திருந்தார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘ஒஸ்பித்தால்’ என்று வந்ததும் சித்திதான் முந்திக்கொண்டாள். “ஆஸ்பத்திரிங்குறாடா!”

அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். ஒபெராசியோன் என்றால் ஆபரேசன். நொர்மால், நார்மல். ஃபமீலியா, ஃபேமிலி.

“ஆபரேசன் முடிஞ்சிருச்சு. நார்மலா இருக்காக. வீட்டுக்குச் சொல்லச் சொன்னாகளாம்.” கடைசி வரி என் சொந்தச் சரக்கு.

“அவ இம்புட்டு நேரம் பேசுறா, நீ பொசுக்குன்னு முடிச்சிட்ட?”

“அவகளுக்கு இங்கிலீஷ் சரியா வரலய்யா. அதான் இழுக்குறாக.”

“இன்னொருக்கா போடு,” என்றாள் சித்தி. போட்டேன். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டாள். என்னை நம்பவில்லையே என்று சுருக்கென்றது. பிறகு எழுந்து முகம் கழுவி, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சொன்னது தப்பாக இருந்தால்? அவள் உருட்டிய ஒவ்வொரு உருண்டையையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த நாள் சித்தப்பாவே பேசினார். குடல்வால் ஆபரேசனாம். மயக்கத்தில் நாக்கு எழும்பாமல் நர்ஸம்மா கையில் போனைக் கொடுத்தாராம். “ஏலே, ஸ்பானிஷ் எங்கலே படிச்ச?” என்று சிரித்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

நர்ஸம்மாவின் ஸ்பானிஷ் எனக்கு எப்படிப் பாதி பிடிபட்டது என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. அவர் பாஷை லத்தீன் பெற்ற பிள்ளை. இங்கிலீஷ், அந்த வீட்டில் சொற்களைக் கைமாற்று வாங்கிய பக்கத்து வீடு. எங்கள் ஆஸ்பத்திரியும் சுற்றிச் சுற்றி அங்கிருந்து வந்ததுதான். அதன் வேர்ச்சொல்லுக்கு விருந்தாளி என்று பொருளாம்.

சித்தி போனை மாற்றினாலும் அந்த மெசேஜை மட்டும் விடவில்லை. இப்போது எல்லாம் புரியும் என்ற தைரியத்தில் போன பொங்கலுக்கு அதைப் போட்டுக் கேட்டேன். நர்ஸம்மா பேசி முடிக்கும் இடத்தில், பின்னால் எங்கோ, ஒரு செருமல். சித்தப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது வருமே, அதே செருமல்.

அன்று சித்தி இன்னொருக்கா போடச் சொன்னது நர்ஸம்மா பேசியதைக் கேட்க அல்ல.