படகுக்குள் போட்ட சாம்பிராணி

என் வீட்டுக்காரர் ஒரு வேலையைக் கெடுத்தால் அதோடு விடமாட்டார். சரிசெய்கிறேன் என்று இறங்கி இன்னொரு தடவை கெடுப்பார். தொண்ணூறுகளின் கடைசியில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் இருந்தபோது நடந்த படகு விவகாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் குடியிருந்த லயமும் கொழுந்து மலைகளும் நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பக்கம். தேயிலை அரைக்கிற ஸ்டோர் அந்தப் பக்கம். முன்பெல்லாம் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, பெண்கள் நாங்கள்தான் தலையில் சுமந்து மலையைச் சுற்றிக் கொண்டுபோவோம். வழி முழுக்க ஏற்றம், மழை நாளில் அட்டை வேறு. என் முதல் பிள்ளை அந்தச் சுமையில்தான் கலைந்தது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். பிறகு தோட்டத்தில் ஒரு மரப்படகு வாங்கி இன்ஜின் பூட்டினார்கள், அதை ஓட்டும் வேலை இவருக்குக் கிடைத்தது. மறுபடியும் வயிற்றில் ஆறு மாதமாக இருந்த நான் அந்தப் படகைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை இவர் இன்ஜினுக்கு ஒயில் மாற்றினார். பழைய ஒயிலை இறக்க அடியில் ஒரு நட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைத் திரும்பப் பூட்டாமலே புது ஒயிலை ஊற்றினார். கேன் காலியான பிறகும் இன்ஜினுக்குள் ஒயில் ஏறவில்லையே என்று நின்று யோசித்தாராம்! ஊற்றியதெல்லாம் அடிப்பலகைக்குக் கீழே, கசிந்த தண்ணீர் தேங்குகிற இடத்தில் கிடந்தது. சரி, நட்டைப் பூட்டி வேறு ஒயில் ஊற்றினார். கீழே கிடந்ததை அள்ளினாரா? பிறகு அள்ளிக்கொள்ளலாம் என்று அதன்மேலேயே கொழுந்துச் சாக்குகளை அடுக்கிக் கொண்டுபோனார்.

ஸ்டோரில் தேயிலைத் தரம் பார்க்கிற டீமேக்கர் ஐயா ஒரு பிடி கொழுந்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே தோட்டத்துத் துரை சொன்னதாகக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார்: “இன்னொரு தடவ வாடை அடிச்சா படகு வேணாமாம். பழையபடி பொம்பளைங்க தூக்கிட்டு வரட்டுமாம்.”

ஞாயிற்றுக்கிழமை நானும் படகுக்குப் போனேன். இன்ஜினுக்கு அடியில் இருந்த சந்தில் இவருடைய பெரிய கை நுழையவில்லை. ஆறு மாத வயிற்றோடு நான் ஒருக்களித்துப் படுத்து, பழைய சேலையைக் கிழித்துக் கிழித்து ஒயிலை ஒற்றி எடுத்தேன். கரைத் தண்ணீரில் எல்லாரும் குளிப்பதால் பிழிந்ததையெல்லாம் ஒரு பெயின்ட் வாளியில் சேர்த்தேன். பிறகு அடுப்புச் சாம்பலைக் கொட்டி ஊறவைத்துச் சுரண்டினேன். சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் விட்டுத் தென்னந்தும்பு நாரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பலகை இடுக்கிலிருந்து கறுப்பாய் ஊறி வந்தது. இவர் கரையில் நின்று, “அந்த மூலையில இன்னும் இருக்கு புள்ள,” என்று காட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த துணியை அவர் மூஞ்சியிலேயே எறியலாமா என்றிருந்தது. பொழுது சாயும்போது மூக்கை வைத்துப் பார்த்தேன். மர வாசம் மட்டும்தான் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை, டீமேக்கர் என்ன சொல்கிறார் என்று என் காதால் கேட்க வேண்டுமென்று கொழுந்தோடு நானும் படகில் ஏறினேன். ஏறியதுமே மூக்கில் அடித்தது.

“ஏங்க, என்ன வாசம் இது?”

“விடியக்காலையில சாம்பிராணி போட்டேன் புள்ள. பலகைக்குக் கீழ தணல வச்சு நல்லா மூடி வச்சிருந்தேன். ஒயில் வாடை துளிகூட இல்ல பாரு.”

ஒயில் ஊறின மரத்துக்குள் தணலை வைத்துவிட்டு என் முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

“தேயில எந்த வாசத்தையும் இழுத்துக்கும்னு தெரியாதா உங்களுக்கு?”

“இது நல்ல வாசந்தானே?” என்றார்.

சாக்குகள் ஏற்றி முடிந்திருந்தன. அப்படியே அக்கரை போய்ச் சேர்ந்தோம். டீமேக்கர் கொழுந்தை முகர்ந்தார், இன்னொரு சாக்கைப் பிரித்து அதையும் முகர்ந்தார்.

“என்னப்பா, அன்னைக்கு கராஜ் வாடை, இன்னைக்குக் கோயில் வாசமா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

அன்றோடு படகைக் கட்டிவிட்டார்கள். இவரை மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போட்டார்கள். அந்த வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் இவர் வந்து நின்றார். என் சாக்கை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசையில் சேர்ந்து ஏற்றம் ஏறினார். “அக்கா, புதுசா ஒரு கொழுந்துக்காரி வந்திருக்காங்க!” என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை பிறக்கும் வரை என் சாக்கை என் தலையில் வைக்க விடவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றிய அன்று, லயத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா அதன் தலைமுடிக்குப் புகை காட்டத் தணல் கொண்டுவந்தார். இவர் அதை வாங்கிக்கொண்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மற்றக் கையில் சாம்பிராணிப் பொட்டலம்.

“இதுக்காவது போடலாமா புள்ள?”

போடச் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிப் புகையில் காட்டினேன். கோபம் மட்டும் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை.