தாரை வார்க்க நான்தான் இருந்தேன்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. நாவற்குடாவில் எங்கள் வீட்டில் வழக்கம்போல விடியுமுன் எழும்பி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, முற்றம் கூட்டி, செவ்வரத்தைப் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டு, முகச்சவரம் செய்தேன். அன்று என் ஒரே மகளுக்குக் களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம். எனக்குள் இருந்தது ஒரே கேள்வி: தாரை வார்த்து முடியும்வரை மணவறையில் எழும்பாமல் இருப்பேனா?

சிரிப்பாகத்தான் இருக்கும். அந்த வருடம் தை பிறந்ததிலிருந்து எனக்கு அடிக்கடி சிறுநீர் முட்டும். போனால் சொட்டுச் சொட்டாக வரும். வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். கல்யாண நாள் குறிக்கச் சித்தாண்டியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, பேச்சு முடிவதற்குள் பல தடவை எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய் வந்தேன்.

"கிணத்தடியில புதையல் ஏதும் கிடக்கா சம்பந்தி?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்க, வீடே சிரித்தது.

திரும்பி வரும்போது மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "இஞ்சேருங்க, தாரை வார்க்க உங்கட தம்பியும் பெண்சாதியும் இருக்கட்டும். ஐயர் மந்திரம் சொல்லக்குள்ள நீங்க எழும்பி ஓடினா என்ட புள்ளைக்குத்தான் வெக்கம்" என்றாள்.

பெற்ற மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க நான் இல்லையா? அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே சொல்: சூடு. நானும் நம்பினேன். பொழுதுபட்டதும் செவ்விளநீர், படுக்கப்போகுமுன் கொத்தமல்லித் தண்ணீர். குடிக்கக் குடிக்க ஓட்டம் கூடியது. ஓட்டம் கூடக் கூட, சூடு இன்னும் இறங்கவில்லை என்று மேலும் குடித்தேன்.

கடைசியில் மனைவிதான் டொக்டரிடம் இழுத்துப் போனாள். டொக்டர் என் மகளின் வயதுள்ள பெண். "சூடு பிடிச்சிருக்கு" என்றேன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"சூடு காருக்குத்தான் பிடிக்கும் ஐயா. உங்களுக்குப் பிடிச்சிருக்கிறது வயசு" என்றார்.

இரத்தம் சோதித்து, ஸ்கானும் எடுத்த பிறகு விளக்கினார். வயது போகப் போக, ஆண்களுக்குரிய ஹோர்மோனே புரஸ்டேட் சுரப்பியை வளர்த்துவிடுமாம். அது வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெரிக்குமாம். புற்றுநோய் இல்லை என்று கேட்டதும் மனைவி அந்த இடத்திலேயே கும்பிட்டாள். மாத்திரை தந்தார். இளநீரையும் தண்ணீரையும் பகலில் குடிக்கச் சொன்னார். பொழுதுபட்ட பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது. எண்ணெயில் பொரித்ததைக் குறைத்து, மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் சேர்க்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பு ஹோர்மோனைக் குழப்பும் என்பதால் நடக்க வேண்டும்.

எதையும் ஒழுங்காகச் செய்வது என் பழக்கம். காலையில் வாவிக்கரையோரம் நடந்தேன். பொரித்த இறாலை விட்டது மட்டும் உண்மையான தியாகம். சித்திரைக்குள் காற்சட்டை தளர்ந்தது, ஓட்டமும் குறைந்தது. ஆனாலும் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பிக்கும் எனக்கு எடுத்தது போலவே ஒரு பட்டு வேட்டி எடுத்து வைத்தாள்.

கல்யாணத்தன்று அதைக் கட்டிக்கொண்டு தம்பி மணவறைக்குப் பின்னால் நின்றான். "அண்ணன், முட்டினாக் கண்ணக் காட்டுங்க. நான் இருக்கன்."

ஐயர் அவசரப்படுகிற மனிதரே இல்லை. புகை கண்ணைக் கரித்தது, கால் மரத்தது. ஆனால் முட்டவில்லை. மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாரை வார்த்தபோது, மனைவி ஊற்றிய தண்ணீரோடு என் கண்ணீரும் விழுந்தது. வெற்றியோடு தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோயில் கிணற்றடிப் பக்கமிருந்து ஈரக்காலோடு வந்தான்.

"எங்கடா போன?"

"ஒண்டுக்கு அண்ணன். கொஞ்ச நாளா இப்பிடித்தான். சூடு."

மணவறை என்றும் பாராமல் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

வெட்கத்துக்கு ஒரு பொய்ப்பெயர் வைத்து எத்தனை ஆண்கள் சத்தமில்லாமல் அவதிப்படுகிறோம் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. இன்றும் யாராவது "சூடு" என்றால் நான் சும்மா இருப்பதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் கையில் இளநீர் இருந்தது. அதை வாங்கி நான் குடித்துவிட்டு, அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த டொக்டரிடம் போனேன்.