காதுக்குச் சொட்டு விட்ட ஏழு நாட்கள்

இன்று மகளின் காதில் சொட்டு மருந்து விட்டபோது, சேலையூரில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் செருப்புக்கடையின் பின்னறை, புதுத்தோலும் பசையும் கலந்த வாசனையோடு நினைவுக்கு வந்தது.

பள்ளியில் படித்த காலத்தில் நீச்சல் பழகப் போய் என் காதுத்துளை வீங்கி, தொட்டாலே உயிர்போனது.

"எண்ணெய் ஊத்தாதீங்க பாய், தண்ணியும் படக்கூடாது. ஏழு நாள் இந்தச் சொட்டு விடுங்க. விட்டதும் அஞ்சு நிமிஷம் ஒருக்களிச்சுப் படுக்கணும்" என்றார் டாக்டரம்மா, என் தந்தையிடம்.

பள்ளி விட்டு வந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நான் படுக்க, அதிகம் பேசாத அத்தா, குப்பியை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி மருந்து விட்டு, நான் அசையாமலிருப்பதற்காகத் தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஏழு நாளில் வலி போய்விட்டது. எட்டாம் நாள், கதையும் அவ்வளவுதான் என்று கடையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

"சும்மா வந்து படும்மா," என்றார் அத்தா. "மீதியச் சொல்றேன்."