ஆடி அமாவாசைக்கு வந்த காகம்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்த அந்தக் கோடையில் மழை மருந்துக்கும் இல்லை. புல் கருகிப் போனது, மண் பாளம் பாளமாக வெடித்தது, காலை வைத்தால் புழுதி கிளம்பியது. வருகிறவர்களெல்லாம் பாலைவனம், பாலைவனம் என்று பகிடி பண்ணினார்கள். ஒட்டகம் ஒன்றுதான் குறை, வரும்போது கொண்டுவாருங்கள் என்று நானும் திருப்பிக் கொடுத்தேன்.

விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு. வந்து குளித்துவிட்டுக் குசினி யன்னலடியில் இருந்தால், பார்ப்பதற்குப் பறவைகளை விட்டால் வேறொன்றும் கிடையாது. மேல்மாடியில் தனியாக இருந்த ஜெர்மன்காரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், நாள் முழுக்கப் பல்கோனியில் தூரக்கண்ணாடியும் கையுமாக இருப்பாள். எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. பறவைப் பேச்சு மட்டும்தான், அதுவும் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில்.

பின்மதிலில் படர்ந்திருந்த கொடிக்குள், ஆம்ஸல் என்று ஜெர்மன்காரர் சொல்லும் குருவிச் சோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. ஆண் கறுப்பு, மஞ்சள் சொண்டு, பெண் மண்ணிறம். உள்ளே மூன்று குஞ்சுகள். மண் கல்லாகிக் கிடந்ததால் ஒரு புழு எடுக்கத் தாய்க்காரி பெரும்பாடு படுவாள். கொத்துவாள், வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள், திரும்பவும் கொத்துவாள். நான் ஒரு பழைய சட்டியில் தண்ணீரும், ஊறவைத்த உலர்ந்த திராட்சையும் வைக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. அந்தச் சட்டியை நிரப்புகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

என் மனிசனுக்கோ அந்த வளவில் வேறு பறவை வேண்டியிருந்தது. அவருக்குக் காகம் வேண்டும்.

அவர் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. அகதி வழக்கு முடியாமல் இழுபட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் தகப்பன் செத்துப்போனார். போனால் திரும்பி வர ஏலாது. பக்கத்து வீட்டுப் பெடியன் கொள்ளி வைத்தான். அதை இவரின் தாய், என் மாமி, மன்னிக்கவேயில்லை. பிறகு வந்த ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் இவர் விரதம் இருப்பார். நான் சமைப்பேன். அன்றைக்கென்று சமைக்கிற கசப்பான காத்தோட்டிக்காய் இந்த ஊரில் எங்கே கிடைக்கும், அதற்குப் பதிலாகத் தமிழ்க் கடைப் பாவற்காய். படைத்ததை எடுத்துப் போய் மதிலில் வைத்துக் கா, கா என்று கூப்பிடுவார். காகம் வந்து வாய் வைத்தால் தகப்பன் வந்து சாப்பிட்டதாகக் கணக்கு. அதன் பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம்.

ஊரில் என்றால் சோறு வடிக்க முதலே காகங்கள் கூரையில் வரிசைக்கு இருக்கும். இங்கத்தைய காகங்களுக்கு எங்கள் சோறும் தெரியாது, எங்கள் கூப்பாடும் தெரியாது. புறாக்கள் வந்து மேயும். இவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு கலைப்பார். பொழுதுபட்ட பிறகு ஆறிக் காய்ந்த சோற்றைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் தாயோடு தொலைபேசியில் பேசுவார். மாமி கேட்கிற முதல் கேள்வி, காகம் சாப்பிட்டதோ. விரத நாளில் இவர் பொய் சொல்லமாட்டார், இல்லை என்பார். மாமியும் ஒவ்வொரு வருடமும் அதே பதிலைத்தான் வைத்திருந்தா. "அவர் உன்னட்டை வரமாட்டார் தம்பி. அவருக்குக் கோவம் ஆறேல்லை."

அதைக் கேட்டுவிட்டு ஓர் ஆம்பிளை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதை நான் கேட்டிருக்கிறேன். மாமிக்கு நாக்கில் எலும்பில்லாமல் போனதற்கு நான் பட்ட ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால்தான் அந்த வருடம் இவர் முன்கூட்டியே தொடங்கினார். அமாவாசைக்குக் கிழமைக்கணக்காக நாள் இருக்கும்போதே, வேலைக்குப் போக முதல் மதிலில் சோறும் ரொட்டித் துண்டும் வைத்துக் கூப்பிட்டுப் பழக்கினார். என்னுடைய தண்ணீர்ச் சட்டியையும் தூக்கிக்கொண்டு போய் மதிலில் வைத்தார். தாய் ஆம்ஸல் தவித்துப் போய் அந்தச் சோற்றுக்கு வந்தாள். கறுப்புப் புருசனும் வந்தான். காகத்துக்கு வைத்ததைக் கண்டதுகளும் தின்னுது என்று இரண்டையும் கல்லெறிந்து கலைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, காகம் பழகியது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, தண்ணீர் இருந்த இடம் எங்கள் மதில்தானே. முதலில் எதிர்வீட்டுப் புகைபோக்கியில் இருந்து பார்த்தது. பிறகு பக்கத்துக் கொட்டில் கூரை. பிறகு எங்கள் மதிலின் அந்தத் தலைப்பு. ஒவ்வொரு நாளும் அது கிட்ட வந்த தூரத்தை இவர் வேலைத்தளத்திலிருந்து தொலைபேசி எடுத்து விசாரிப்பார். இவ்வளவு சந்தோசமாக அவரை நான் கலியாண வீட்டில்கூடக் காணவில்லை.

மேல்மாடிக்காரி ஒருநாள் கீழே இறங்கி வந்து, குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் காகத்தைக் கூப்பிட வேண்டாம், அது கூட்டைப் பார்த்துவிட்டது என்று சொன்னாள். அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன். ஒரு கிழமைக்கு மட்டும் சோற்றை வீட்டின் முன்பக்கம் வையுங்கோ என்று கெஞ்சியே விட்டேன்.

"முன்பக்கம் ரோட்டு. அப்பாவுக்கு ரோட்டிலையோ சோறு வைக்கிறது?"

"காகம் சைவமில்லை. அது குஞ்சைத் தின்னும்."

"உம்மடை அப்பா உயிரோடை இருக்கிறார். உமக்கு இது விளங்காது" என்றார்.

அடுத்த நாள் சட்டியை இறக்கிக் கீழே வைத்தேன், அவர் திரும்பத் தூக்கி மேலே வைத்தார். வீட்டில் பேச்சு நின்றது. நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார்.

ஆடி அமாவாசை அன்று வெயில் நெருப்பாக எரிந்தது. வடை, பாயாசம், பாவற்காய், பருப்பு என்று ஒன்றும் குறைக்காமல் சமைத்துக் கொடுத்தேன். இவர் குளித்து, வேட்டி கட்டி, வாழையிலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் மதிலில் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். ஒரு தரம்தான் கூப்பிட்டார். கொட்டில் கூரையிலிருந்து காகம் பறந்து வந்து இலையின் பக்கத்தில் இறங்கியது. இவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார். யன்னலடியில் நின்ற எனக்கும், என் பாழ்பட்ட மனது, கண் கலங்கியது.

காகம் இலையைப் பார்த்தது. பிறகு கொடிக்குள் தலையை விட்டது.

குஞ்சை இழுத்தெடுத்து இலைமேல் போட்டு, காலால் அமத்திக்கொண்டு கொத்தியது. இறகு முளைத்த குஞ்சு, இன்னும் சில நாளில் பறந்திருக்கும். தாயும் தகப்பனும் கத்திக்கொண்டு காகத்தின் தலையில் வந்து மோதினார்கள். அது திரும்பியும் பார்க்கவில்லை. நான் வெளியே ஓடிப்போய், கலையுங்கோ, கலையுங்கோ என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். என் கையைத் தட்டிவிட்டார். அது சாப்பிடும்போது கலைக்கக்கூடாதாம், பிறகு வராதாம். நான் விளக்குமாற்றைத் தூக்க, அதைப் பறித்துத் தூர எறிந்தார். புறாவுக்குச் செருப்பும் ஆம்ஸலுக்குக் கல்லும் எடுத்த கை அது. அதற்குள் காகம் மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. வடை அப்படியே கிடந்தது. சொண்டில் இரண்டு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். மதிலில் சொண்டைத் துடைத்துவிட்டுப் பறந்து போனது.

மேல்மாடிக்காரி பல்கோனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "நீங்கள்தானே அதைக் கூப்பிட்டீர்கள்" என்று ஒரு வசனம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை அவள் என்னுடன் பறவைப் பேச்சுப் பேசவில்லை.

இவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சோற்றில் வாய் வைத்ததுதானே, வைத்ததுதானே என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரே போய் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். மாமி உரத்துப் பேசுகிற ஆள், குசினிவரை கேட்கும்.

"வந்தவர் அம்மா. சாப்பிட்டவர்."

மாமி கேட்டா: "என்னத்தை முதல்லை எடுத்தவர்?"

செத்தவர்களுக்கு எது விருப்பமோ காகம் அதில்தான் முதலில் வாய் வைக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தேன். எத்தனையோ அமாவாசைகளுக்குத் தாயிடம் பேச்சு வாங்கியும் பொய் சொல்லாத மனிசன்.

"வடை அம்மா. வடையைத்தான் எடுத்தவர்."

மாமி அழுதா, பிறகு சிரித்தா. கோவம் ஆறிட்டுது தம்பி, ஆறிட்டுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. அந்த மனிசி சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து இருந்தார். சோறு போட்டேன். வெளியே தாய் ஆம்ஸல் எங்கேயோ கிண்டி எடுத்த புழுவைச் சொண்டில் வைத்துக்கொண்டு கொடிக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். இடையிடையே புழுவைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள். இவர் இரண்டு வாய் சாப்பிட்டார், மூன்றாம் பிடி கையிலேயே நின்றது.

"அந்த யன்னலைச் சாத்தும்" என்றார்.

அந்த வெக்கைக்குள்ளும் எழும்பிப் போய்ச் சாத்தினேன்.